உன்னிச்சைக் குளத்தில் ஒரு பகல்



மட்டக்களப்பிலிருந்து ஒருவன் வானொலியில் பேச வந்தால் பாடும் மீனில்தான் தொடங்குவான் என்று எதிர்பார்ப்பீர்கள். அந்த எதிர்பார்ப்பை முற்றாக ஏமாற்ற எனக்கும் மனமில்லை. 1848 ஆம் ஆண்டு இந்நாட்டின் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், நிலா எழுந்த பிறகு மட்டக்களப்புக் கோட்டைத் துறையிலிருந்து தோணியில் போய் நீருக்குள்ளிருந்து வந்த ஒலியைக் கேட்டார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் மெல்லிய அதிர்வுக்கு அதை ஒப்பிட்டு, 1859 இல் வெளிவந்த தமது நூலில் எழுதினார். அவரைத் தோணியில் கூட்டிப்போன நம் மீனவர்கள் அது மீன் என்று சொல்லவில்லை, ஊரி அழுகிறது என்றுதான் சொன்னார்கள் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். அந்த ஊரியை நாம் மறந்துவிட்டோம். ஊர் வாயில் வளைவுகளிலெல்லாம் மீனே நிற்கிறது. 1950 களில் இங்கிருந்த இயேசுசபைக் குருவானவர் லாங் அடிகளார் ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கி அந்த ஒலியைப் பதிவு செய்தார். அதற்கு முன்பே, காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் அதை நீரரமகளிரின் இசையாகக் கற்பனை செய்து, 1947 இல் வெளிவந்த யாழ் நூலிலே ஏழு சுரங்களோடு சேர்த்து வைத்துவிட்டார். இதற்குமேல் பாடும் மீனைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது?

ஆகவே இன்று நான் பேசப்போவது பாடாத மீனைப் பற்றி. உப்புக் கலந்த வாவியை விட்டு மேற்கே நல்ல தண்ணீருக்குப் போகிறேன். போன மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மூன்று பேர் தூண்டில் போடப் போன கதை இது. மூன்று பேரில் ஒருவர் என்னுடைய மாமி. அவருக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாது.

போகவேண்டும் என்று சொன்னவன் மச்சான். மாமாவின் மூத்த மகன், சுவிற்சர்லாந்தில் இருக்கிறான். நாற்பது வயது. அங்கே சனி ஞாயிறுகளில் ஏரிக்கரையில் நின்று மீன் பிடிப்பதுதான் அவனுக்கு ஓய்வு. மீன் பிடிக்க அங்கே அனுமதிச் சீட்டு வேண்டுமாம், எந்த மீன் எத்தனை சென்றிமீற்றருக்குக் குறைந்தால் எடுக்கக்கூடாது என்று அளவு உண்டாம். மூன்றாக மடியும் தூண்டில் தடி, ரீல், பெட்டி நிறையப் பொய்த்தீனிகள் எல்லாவற்றையும் விமானத்தில் கொண்டுவந்திருந்தான். நாங்கள் தங்கூசியும் கமுகஞ்சலாகையும் தக்கைத் துண்டுமாக வளர்ந்தவர்கள். அந்தப் பெட்டியைத் திறந்தபோது எனக்கு நகைக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

அவனுக்கு இங்கினியாகலைக்குப் போகத்தான் ஆசை. பட்டிப்பளை ஆற்றை மறித்து 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் உருவான சேனநாயக்க சமுத்திரம் அது. இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். அங்கே யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் போவதைப் படகிலிருந்து பார்க்கலாம். அதை அவன் கைத்தொலைபேசியில் பார்த்திருக்கிறான். அந்தத் திட்டம் மட்டக்களப்பு மாவட்டமாக இருந்த நிலத்தில் என்னவெல்லாம் செய்தது, 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாக எப்படிப் பிரிந்தது என்பதெல்லாம் வேறொரு நாளைக்குரிய பேச்சு. எங்கள் பயணத்தின் திசையைத் திருப்பியவர் மாமிதான்.

"அந்த ஆனைக் குளத்துக்கு நான் வரல்ல மனே. உன்னிச்சைக்குப் போறதெண்டா நானும் வாறன்."

மாமி வெளியே போவதென்றால் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். ஆகவே நாங்கள் எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

மச்சான் வந்தது மீன் பிடிக்க மட்டுமல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். 1990 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு காலை சைக்கிளில் சந்தைக்குப் போன மாமா திரும்பி வரவில்லை. அப்போது மச்சானுக்கு வயது ஆறு, தங்கைக்கு மூன்று. எங்கே, யாரால், ஏன் என்ற மூன்று கேள்விகளுக்கும் எங்களிடம் இன்றுவரை விடையில்லை. அந்த ஆண்டு எங்கள் மாவட்டத்தில் அப்படி விடையில்லாமல் போன வீடுகள் ஏராளம். வீடு மாமியுடையது. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தானே போகும். ஆனால் படுவான்கரையில் உள்ள வயல் மாமாவின் பேரில் இருந்தது. அதை மாற்றி எழுதவேண்டுமென்றால் மாமா இறந்துவிட்டார் என்று ஒரு பத்திரம் வேண்டும். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழும் பெறலாம். மச்சான் இரண்டுக்குமான படிவங்களையும் நிரப்பி மேசையில் வைத்திருந்தான். மாமி அதன்மேல் வெற்றிலைத் தட்டத்தை வைத்திருந்தார்.

விடிய ஐந்து மணிக்கு ஓட்டோவில் கல்லடியிலிருந்து புறப்பட்டோம்.

வாவியின் இரு கரைகளுக்கும் எங்கள் முன்னோர் இட்ட பெயர்களைப்போல அழகான ஊர்ப்பெயர்கள் தமிழில் அதிகமில்லை என்பது என் எண்ணம். சூரியன் எழுகின்ற பக்கம் எழுவான்கரை, படுகின்ற பக்கம் படுவான்கரை. வரைபடம் வேண்டியதில்லை, அண்ணாந்து பார்த்தால் போதும். எழுவானில் கடலும் தென்னையும் பள்ளிக்கூடமும் கந்தோரும். படுவானில் வயலும் குளமும் காடும் மாடும். வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். பாலங்கள் சில இடங்களில்தான். முன்பு துறைகளில் மிதவையில் ஏறித்தான் கடந்தோம். அந்த மிதவைக்கு நாங்கள் சொல்லும் பெயர் 'பாதை'. வெளியூர் நண்பர் ஒருவர் "மண்முனையில் பாதை ஓடவில்லையாம்" என்று கேள்விப்பட்டு, பாதை எப்படி ஓடும் என்று என்னிடம் கேட்டார். 2014 இல் மண்முனைக்குப் பாலம் வந்தது. பாதை ஓடவேண்டிய தேவை அங்கே இல்லாமல் போயிற்று.

நாங்கள் போனது வலையிறவு வழியாக. ஆனையிறவில் வருகின்ற அதே இறவுதான், கடக்கும் இடம். என்றாலும் சங்கப் பாட்டில் இறால் மீனுக்கும் இறவு என்ற பேர் உண்டல்லவா? வலையும் இறாலும் சேர்ந்த பேராகவே அது என் காதில் விழுகிறது. அந்தப் பாலத்தில் அதிகாலையில் எறிவலையோடு நிற்பவர்களைப் பார்த்தால் நீங்களும் என் பக்கம் சேர்ந்துவிடுவீர்கள். பாலம் தாண்டினால் வவுணதீவு. 2007 மார்ச்சில் படுவான்கரைச் சனம் ஆயிரக்கணக்கில், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, மாடுகளை அவிழ்த்துவிட்டு எழுவான்கரைக்கு ஓடிவந்த வழிகளில் இதுவும் ஒன்று. அதற்கு முன்னும் பல ஆண்டுகள் பாலத்தின் இந்தப் பக்கம் ஓர் உலகம், அந்தப் பக்கம் இன்னோர் உலகமாயிருந்தது. உல்லாசமாக மீன் பிடிக்க உன்னிச்சைக்குப் போவோம் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் அவரைப் பைத்தியம் என்றிருப்போம்.

மாசியில் மாரி வெள்ளாண்மை அறுவடை. வீதியின் ஒரு பாதியில் நெல் காய்ந்தது, மற்றப் பாதியில் நாங்கள் போனோம். வயலுக்குள் அறுவடை இயந்திரம் இரைந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாரிக்கொண்டு போவதால் அதற்கு எங்கள் சனம் வைத்த பேர் சுனாமி. 2004 மார்கழியில் கடற்கரையில் அத்தனை உயிர்களைக் கொடுத்த மாவட்டம், அந்தப் பேரைக் கொண்டே ஒரு இயந்திரத்தைக் கூப்பிடுகிறது. வாய் எப்படிப் பழகிவிடுகிறது பாருங்கள்! ஆயித்தியமலை மாதா கோயிலடியில் ஓட்டோவை நிறுத்தித் தேத்தண்ணி குடித்தோம். மாமி சைவம், இருந்தாலும் இறங்கிப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். பிறகு காடு நெருங்கி, வீதி ஏறி, திடீரென்று கட்டுக்குமேல் நின்றோம்.

அரச கடிதங்களில் நீர்த்தேக்கம் என்று எழுதுவார்கள். எங்களுக்குக் குளம்தான். மாரியில் வானொலிச் செய்தியைக் கேட்டிருப்பீர்கள்: உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன, தாழ்நிலத்தில் உள்ளவர்கள் அவதானமாயிருக்கவும் என்று. அந்த உன்னிச்சைதான். இன்று மட்டக்களப்பு நகரத்துக் குழாய்களில் வருவது இந்தக் குளத்து நீர், வவுணதீவில் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். "நாம தினம் குடிக்கிற தண்ணிய இண்டைக்குத்தான் நேரில பாக்கிறன்" என்றான் மச்சான். கட்டுக்கு அப்பால், எட்டிய மட்டும் நீர். அதற்குமப்பால் நீலமாக மலைத்தொடர். நீரோரத்தில் வேரைக் கழுவவிட்டு நிற்கும் மருத மரங்கள். மருதத் திணையின் பேரைத் தாங்கி நிற்கிற அந்த மரத்தின் நிழலிலேதான் பாயை விரித்தோம். மாமி சோற்றுப் பெட்டியை மரத்தின் பொந்தருகே வைத்துவிட்டு, குளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கரையில் சங்கத்து மீனவர்கள் இரவு விட்ட வலையை எடுத்து வந்திருந்தார்கள். கண்ணாடியிழை வள்ளம் நிறையத் திலாப்பியா. 1952 இல் இந்நாட்டுக்குக் கொண்டுவந்து விடப்பட்ட ஆபிரிக்க மீன். வந்த எழுபது ஆண்டுகளில் நம் குளங்களை அது தன்னுடையதாக்கிக்கொண்டது. இன்று உள்நாட்டு மீன்பிடியே அதன் முதுகில்தான் நிற்கிறது. கடல் மீன் தின்று பழகிய எழுவான்கரைக்காரர் அதைச் 'சேற்று மணம்' என்று ஒதுக்குவார்கள். படுவானில் அதுதான் ஏழையின் கறி. 1990 இல் உயிர்க்கொலைக்கு எதிரான மதக் கருத்தை முன்னிட்டு அரசு நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்துவந்த ஆதரவை நிறுத்தியது. சில ஆண்டுகள் கழித்துத்தான் அது மீண்டது. அரசு கைவிட்டிருந்த அந்த ஆண்டுகளிலும் மீன் தன்பாட்டில் பெருகியது, மனிதர் தம்பாட்டில் பிடித்தார்கள். யாரும் கேட்பாரில்லாததால் கண் சிறுத்த வலைகளும் பெருகின. வலைக்கண் எட்டரைச் சென்றிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பது விதி.

வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒரு மீனைத் தலைகீழாய்ப் பிடித்து மச்சானுக்குக் காட்டினார். அதன் வாயிலிருந்து கடுகளவு குஞ்சுகள் நாலைந்து வள்ளத்துப் பலகையில் சிந்தின. பிறகு ஒரு கொத்து. பிறகு இன்னொரு கொத்து. திலாப்பியாவின் பெண் மீன் முட்டையை வாயிலேயே அடைகாக்கும். மூன்று கிழமை போல அநேகமாக ஒன்றும் தின்னாது. குஞ்சு பொரித்து நீந்தப் பழகின பிறகும், ஆபத்து வந்தால் வாயைத் திறக்கும், எல்லாம் உள்ளே ஓடிவிடும். பெரியவர் குஞ்சுகளைக் கையால் வழித்துத் தண்ணீரில் விட்டார். தாயைக் கூடையில் போட்டார். இரண்டையும் ஒரே கையால், ஒரே வேகத்தில் செய்தார். "தாயில்லாம இதுகள் தப்புமா ஐயா?" என்று மச்சான் கேட்டான். "தப்புறது தப்பும்" என்றார் பெரியவர். இதைக் கொடூரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய வீட்டிலும் வாய்கள் இருக்குமல்லவா.

மாமி எழுந்து வந்து நாலு மீன் வாங்கினார். குஞ்சு சிந்திய மீனை மட்டும் வேண்டாமென்றார்.

இனி விராலுக்கு வருகிறேன். அதுதான் நம் நாட்டு மீன், குளத்தின் பழைய குடி. திலாப்பியாவைப்போல வலைக்குள் கூட்டமாய் வந்து விழாது. தனித்து நிற்கும். காற்றைக் குடிக்க மேலே வந்து ஒரு 'களக்' சத்தத்தோடு போகும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு விரால் கொடுத்தால் புண் ஆறும், பால் சுரக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இது நமக்கு மட்டும் உரிய நம்பிக்கையுமல்ல. மலேசியாவில் இதே மீனை ஹாருவான் என்ற பெயரில் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நோயாளிகளுக்கு ஊட்டுகிறார்கள்.

1982 மாசியில் என் தங்கை பிறந்தாள். எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு விரால் வேண்டும் என்று மாமா என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு உன்னிச்சைக்கு வந்தார். இங்கே ஒரு சின்ன விளக்கம். மட்டக்களப்பில் குடி என்பது தாய்வழி. நானும் என் தாய்மாமனும் ஒரே குடி. மாமாவின் பிள்ளைகள் மாமியின் குடி. கோயில் வண்ணக்கர் பொறுப்புகூடத் தாய்மாமனிலிருந்து மருமகனுக்கு இறங்கும். ஆகவே மாமா தமக்குத் தெரிந்ததை மகன் பிறக்கும்வரை காத்திராமல் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் ஊருக்கு ஆச்சரியமில்லை. அந்தக் காலை அவர் எனக்குக் காட்டியது இதுதான். ஆழம் குறைந்த ஓரத்தில், புல்லை விலக்கி வைத்த ஒரு வெளியில், தண்ணீர் செந்நிறமாய்க் கொதித்தது. ஆயிரம் குஞ்சுகள், செம்மஞ்சள் நிறம், பந்தாய்ச் சேர்ந்து மேலே வந்து மூச்செடுத்துக் கீழே போயின. "இதுதான் விரால் பார்ப்பு. இதுக்குக் கீழ தாயும் தகப்பனும் நிக்கும்" என்றார். நாக்கிளிப்புழுவைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு சிறு தவளையைத் தூண்டிலில் கோத்தார். அதைப் பார்ப்பின் நடுவே மெல்ல இறக்கி இரண்டு தரம் துள்ளவிட்டார். பசிக்காகக் கவ்வாத மீன் கோபத்துக்குக் கவ்வும். குஞ்சை அண்டுகிற எதையும் அது விடாது. மூன்றாம் துள்ளலில் தண்ணீர் வெடித்தது. என் முழங்கை நீளம் இருந்தது மீன்.

கதை அங்கே முடிந்திருந்தால் நல்லாயிருக்கும். மீனைச் சாக்கில் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது பார்ப்பு கலைந்திருந்தது. நீர்க்காகம் ஒன்று வந்து இறங்கியது. பிறகு மூன்று. சிறு மீன்கள் கீழேயிருந்து மொய்ப்பது குமிழியில் தெரிந்தது. மாமா தூண்டிலை வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, கையால் தண்ணீரை அடித்து நீர்க்காகத்தைக் கலைத்தார். என்னிடம் மண்ணாங்கட்டி பொறுக்கித் தரச்சொல்லி எறிந்தார். "மத்தது வரும். மத்தது வரும்வரைக்கும் நிப்பம்" என்றார். வெயில் ஏறியது. எனக்குப் பசித்தது. அவர் தொடையளவு நீரில் நின்றார். மத்தியானம் சரிந்த பிறகு, புல்லுக்குள்ளிருந்து ஒரு கருநிழல் மெல்ல வந்து சிதறிக்கிடந்த செம்மைக்குக் கீழே நின்றது. குஞ்சுகள் அதன்மேல் மறுபடி பந்தாயின. அதன்பிறகுதான் மாமா கரையேறினார். அம்மா அந்த விராலைக் குடித்தார், தங்கை வளர்ந்தாள். அவள் இன்று ஓர் ஆசிரியை.

'பார்ப்பு' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? படித்தவர்கள் இன்று மீன்குஞ்சு என்பார்கள். தூண்டில்காரன் பார்ப்பு என்பான், சிலர் வாயில் அது பாப்பு. தொல்காப்பிய மரபியல் பறப்பவற்றின் இளமைக்கும் தவழ்பவற்றின் இளமைக்கும் இந்தச் சொல்லை வைத்திருக்கிறது. மீனுக்கென்று அங்கே தனியே சொல்லவில்லை. மீன்காரன் தானாகவே அதை எடுத்துக்கொண்டிருக்கிறான். ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதத்திலே, 'புலவி விராய பத்து' என்ற ஒரே பத்துக்குள் இரண்டு வகைப் பார்ப்புகள் வருகின்றன. ஒன்று, ஈன்ற முதலையே தின்றுவிடுகிற குஞ்சு. அன்பற்றவனுடைய ஊர் அப்படிப்பட்டது என்று சொல்வதற்காக வருவது. மற்றது, குளத்து ஆமையின் குஞ்சு. தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அது வளருமாம். ஊட்டலுமில்லை அணைத்தலுமில்லை, அந்தப் பார்வை ஒன்றே போதுமாம். உயிரியல் ஆசிரியர் இதை ஒப்பமாட்டார். ஆமை முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும் என்பார். முதலைமீது சொன்ன பழியும் முழு உண்மையல்ல, பெண் முதலை தன் குஞ்சுகளை வாயில் ஏந்தித் தண்ணீருக்குக் கொண்டுபோவதுண்டு. ஆனால் ஓரம்போகியார் பொய்கைக்கரையில் நின்று பார்த்த ஏதோ ஒன்றிலிருந்துதான் இரண்டும் பிறந்திருக்கவேண்டும். அவர் விராலைப் பார்ப்போடு பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்பது என் தீராத ஆசை. இந்த ஆசையை வகுப்பறையில் சொல்லி மாணவர்களிடம் சிரிப்பு வாங்கியிருக்கிறேன்.

பத்து மணியிருக்கும். மச்சான் கரையோரமாகத் தடியை வீசி வீசி நடந்தவன் சட்டென்று நின்றான்.

"மச்சான், இஞ்ச வாங்க. இதென்ன, தண்ணி சிவப்பாக் கொதிக்குது?"

எட்டிப் பார்த்தேன். நாற்பது வருடத்துக்கு முன் பார்த்த அதே கொதிப்பு. அவனுடைய பெட்டிக்குள் பச்சை நிறத்தில் ஒரு றப்பர் தவளை இருந்ததைக் காலையிலேயே கண்டிருந்தேன்.

நேயர்களே, அந்த நேரத்தில் என் மனம் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது! தெரியாது என்றால் அவன் வேறு பக்கம் போய்விடுவான், குஞ்சுகள் தப்பும். ஆனால் மாமாவிடம் இருந்தவற்றில் பொருளாக எதுவும் எங்களிடம் மிஞ்சவில்லை. சைக்கிளும் அவரோடு போனது. படங்கள் இடப்பெயர்வுகளில் போயின. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தகப்பனைப் பற்றி என்ன நினைவிருக்கும்? சவரச் சவர்க்கார மணம் நினைவிருக்கிறது என்று ஒருமுறை சொன்னான். அவனுக்குச் சேரவேண்டியதில் என் கைவசம் இருந்தது இந்த ஒரு வித்தைதான். அதை அவனிடமே மறைப்பதா?

சொன்னேன். தவளையையும் சொன்னேன், மூன்றாம் துள்ளலையும் சொன்னேன். தொடையளவு நீரில் நின்ற மத்தியானத்தையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல மாமி பாயிலிருந்து எழுந்து வந்து எங்களுக்குப் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. இந்தக் கதையை அவருக்கு நான் சொன்னதேயில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. மாமா சொல்லியிருப்பார் என்று நினைத்திருந்தேன்.

மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பெட்டியிலிருந்து றப்பர் தவளையை எடுத்தான். குறட்டை எடுத்தான். தவளையின் வயிற்றுக்குக் கீழிருந்த இரண்டு கொளுக்கிகளையும் நறுக்கிச் சட்டைப்பையில் போட்டான். வெறுந்தவளையைத் தங்கூசியில் கட்டிப் பார்ப்பின் நடுவே எறிந்தான். ஒரு துள்ளல். இரண்டு. மூன்றுக்கு முன்பே தண்ணீர் வெடித்தது. கரிய முதுகும் வெளிறிய வயிறும் ஒரு கணம் வெளியே தெரிந்தன. தடி வில்லாய் வளைந்தது. பிறகு தவளை விடுபட்டு மிதந்தது. அதன் ஒரு கால் காணாமற்போயிருந்தது.

"இன்னொருக்கா போடு மனே" என்றார் மாமி.

போட்டான். இன்னொரு வெடிப்பு. இந்த முறை பக்கத்தில் இரண்டாவது நிழலும் தெரிந்தது. மூன்றாவது முறை அவன் போடவில்லை. போதும், களைச்சுப்போகுங்கள் என்றான்.

பிறகு நாங்கள் சாப்பிட்டோம். வாங்கிய திலாப்பியாவில் இரண்டைக் கல்லடுக்கி மாமி அங்கேயே சுட்டார். சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, எருமைத்தயிர். சேற்று மணம் இருந்தது, பரவாயில்லை. மச்சான் அங்கால் ஆழத்தில் புழுப்போட்டு மூன்று நான்கு சிறு மீன் பிடித்தான். எல்லாவற்றையும் திரும்ப விட்டான். பிடித்து விடுவதென்றால் பிடிப்பதேன் என்ற என் கேள்விக்கு அவனிடம் சரியான பதிலில்லை, மீன் கனக்கும்போது கைக்கு வருகிற அந்த இழுவை போதுமாம். பசிக்காகப் பிடித்த தலைமுறைக்கு இது விளங்காது. நான் விளங்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

நாலு மணிக்கு ஓட்டோக்காரத் தம்பி அவசரப்படுத்தினார். பொழுது சாய்ந்தால் யானை இறங்கும், இந்த வீதியில் நிற்க ஒண்ணாது என்றார். இங்கினியாகலையில் காசு கட்டிப் பார்க்கிற யானைக்கு இங்கே சனம் பயந்து ஒதுங்கி வாழ்கிறது. சாமான்களை ஏற்றினோம். மாமி கடைசியாக ஒருதரம் அந்த ஓரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏறினார்.

வவுணதீவு வரும்வரை யாரும் அதிகம் பேசவில்லை. வலையிறவுப் பாலத்தில் எதிரே மாடுகள் வந்ததால் ஓட்டோ நின்றது. பின்னால் படுவானில் சூரியன் விழுந்துகொண்டிருந்தது. வாவி முழுக்கச் செம்மையாயிருந்தது. மாமி என் தோளைத் தொட்டார்.

"மறுகா, அந்த மத்தது எவ்வளவு நேரத்தால வந்த?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"மத்தியானம் சரிஞ்ச பிறகு மாமி. ரெண்டு மணி போல இருக்கும்."

"அதுவரைக்கும் அவர் தண்ணிக்குள்ளதான் நிண்டவரா?"

"ஓம் மாமி."

மாடுகள் விலகின, ஓட்டோ புறப்பட்டது. வீட்டுக்கு வந்து மாமி மிச்ச இரண்டு மீனையும் கழுவி மஞ்சள் தடவி வைத்தார். மேசையிலிருந்த வெற்றிலைத் தட்டத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடித் தரச்சொல்லி மகனைக் கூப்பிட்டார்.